தொட்டுப் பார்க்காத புல்

அந்தப் பச்சையைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன்.

கனகக்குன்றின் சரிவில் பூக்காட்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முன்னால் போகிறவர்களின் முதுகும் பின்னால் வருகிறவர்களின் மூச்சுமாக வரிசை நகர்கிறது. ஐஸ்கிரீம் வண்டியின் மணி, காணாமல்போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லும் மைக், மிளகாய் பஜ்ஜி எண்ணெயின் வாசனை. அத்தனை பூ இருந்தும் பூ மணம் மட்டும் இல்லை. பூக்காட்சியில் பூ மணக்காது. எத்தனையோ வருஷம் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட மணந்ததில்லை.

இடது பக்கம் கயிறு கட்டிய சதுரத்துக்குள் ஒரு சின்ன வீட்டு முற்றத்தைச் செய்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல். மூலைக்கு ஒன்றாக மஞ்சள் செவ்வந்தித் தொட்டி. ஒரு மர பெஞ்சு. நடுவில் புல். மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஒரு பழுத்த நுனி இல்லை. துவைத்து இஸ்திரி போட்டு விரித்த மாதிரி கிடந்தது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். பின்னால் வந்த யாரோ ஒரு அம்மா முழங்கையால் இடித்து, "அம்மச்சி, ஒண்ணு மாறி நில்லுங்க" என்றாள். நான் மாறவில்லை. மனசுக்குள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் சாலைக் கடைத்தெருவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும் எழுதுங்கள்" என்று ஒருவர் கேட்டாராம். எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இந்த வாரத்துக்கு எழுதினது அதைவிடவும் மெதுவாகத்தான் வந்தது.

ஏழு புள்ளி ஏழு வரிசை

சாஸ்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் தோட்ட வேலை செய்தேன். அந்த வீட்டு அம்மாவைக் கொச்சம்மா என்று கூப்பிடுவேன். வேலைக்குப் போகிற வீட்டு அம்மாவை இங்கே மலையாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவது.

கொச்சம்மாவுக்குப் பூக்காட்சிக் கோப்பை என்றால் உயிர். காட்சி தொடங்கிய அன்று காலையிலேயே என்னை அனுப்பிவிடுவாள். "பேச்சி, போயி நல்லா நோக்கிட்டு வா. யாரு எந்து வச்சிருக்கான்னு எனக்கு அறியணும்" என்பாள்.

எனக்குப் படம் வரைய வராது. நின்ற நிலையில் பெயர் எழுதி வைக்கிற வேகமும் இல்லை. ஆனால் கோலம் வரும். எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் அதைப் புள்ளியாக வைத்துக்கொள்வேன். பாத்தி ஒரு புள்ளி. நடக்கிற வழி ஒரு கோடு. வளைவு என்றால் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகிறது என்று பார்ப்பேன். ஏழு புள்ளி ஏழு வரிசைக்குள் அடங்காத தோட்டத்தை நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து கொச்சம்மா வீட்டுக் கார் ஷெட் தரையில் சுண்ணாம்புப் பொடியால் அப்படியே போட்டுக் காட்டுவேன். அவள் காப்பித் தம்ளரோடு சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பாள்.

மூன்று தடவை கோப்பை வாங்கினாள். பேப்பரில் அவள் படம் வந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பச்சைச் சேலை முந்தானை தெரியும். அது நான்தான்.

காட்சியின் சூது எல்லாம் எனக்குத் தெரியும். அங்கே மண்ணில் நிற்கிற மாதிரி தெரிகிற செடி ஒன்றும் மண்ணில் நிற்காது. தொட்டியோடு மரத்தூளுக்குள் புதைத்திருப்பார்கள். தலை சாய்கிற டேலியாவுக்கு ஈர்க்குச்சி முட்டுக் கொடுத்திருக்கும். இலை பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்போம். விடிகிறதுக்கு முன்னால் வாடின பூவையெல்லாம் கிள்ளி எடுத்துவிடுவோம். பத்து நாள் கல்யாண வீடு அது. இத்தனையும் என் கையால் செய்தவள் நான்.

ஒன்று மட்டும் செய்யமாட்டேன். அடுத்தவர் வைத்திருக்கிற செடியைத் தொடமாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆந்தூரியத்தைத் தொட்டுவிட்டேன். மெழுகில் செய்தது போல இருந்ததால் விரல் தானாகப் போய்விட்டது. "தொடல்லே! ஆரா அது தொட்டது?" என்று அந்தச் செடிக்குச் சொந்தக்காரி கத்தினாள். கூட்டம் முழுவதும் திரும்பி என் கையைப் பார்த்தது. அன்றைக்கு மண் போகாத நகத்தோடு என் கை எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அதற்கப்புறம் பூக்காட்சிக்குள் போனால் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தொட்டுப் பார்க்கிறது தெரியாதவர்கள் வேலை, எனக்குக் கண் போதும் என்று சொல்லிக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

குப்பையில் வந்த தோட்டம்

எங்கள் வீடு வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மூணரை செண்டு. வீடு போக முன்னால் கொஞ்சம் முற்றம்.

காட்சி முடிகிற அன்று உடைந்த தொட்டியும் வாடின செடியும் மலை மாதிரி குவியும். வேலைக்காரர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு வருவேன். பகட்டான பூவெல்லாம் ஒரே மாசத்தில் செத்துப்போகும். பிழைத்தது எல்லாம் மூலிகை ஸ்டாலில் ஒதுக்கிப் போட்டவை. கற்பூரவல்லி, இஞ்சிப்புல், கறிவேப்பிலை, பிச்சி, ஒரு பவளமல்லிக் குச்சி. இடம் கிடைத்த இடத்தில் ஊன்றிவிட்டேன். ஒரு வரிசையும் இல்லை, ஒரு ஒழுங்கும் இல்லை.

ஊரான் வீட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவளின் வீட்டில் காடு. தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்த கொச்சம்மா வாசலில் நின்று, "எந்தா பேச்சி, நீ என்றெ வீட்டில் தோட்டமும் நின்றெ வீட்டில் காடுமா வச்சிருக்கே?" என்று கேட்டுச் சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காட்டில்தான் என் வீட்டுக்காரர் நடந்தார்.

அவர் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கியவர். தலையில் அரிசி மூட்டையோடு, கீழே பார்க்காமல், கூட்டத்துக்குள் காலால் வழி கண்டு போகிறவர். கண்ணுக்குள் பிரஷர் ஏறி, முதலில் ஒரு கண் போனது. பிறகு மற்றதும் போனது. அழுவார் என்று நினைத்தேன். "கண்ணு போனா என்னளா, கால் இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் காலை முற்றத்தில் இறங்கினார்.

படி இறங்கி ஆறு எட்டு. கற்பூரவல்லி கணுக்காலில் உரசும். அங்கே வலது பக்கம் திரும்புவார். நாலு எட்டில் கறிவேப்பிலை. கை நீட்டி ஒரு இலை கிள்ளி முகர்வார். இஞ்சிப்புல் வேட்டியைப் பிடித்து இழுக்கும். அதுக்கு "சரி சரி, விடு" என்று பதில் சொல்லுவார். பவளமல்லி அடிக்கு வந்ததும் நிற்பார். விடியற்காலையில் உதிர்ந்த பூ ஈரத்தோடு கிடக்கும். அதை மிதிக்காமல் பாதத்தால் தடவிப் பார்த்து, "இன்னிக்கு நெறையளா. காத்து அடிச்சிருக்கு" என்று எனக்குச் சொல்லுவார்.

காலையில் இருபது சுற்று, சாயங்காலம் இருபது சுற்று. கம்பும் வேண்டாம், என் கையும் வேண்டாம். அந்த முற்றத்தில் மட்டும் அவர் கண் தெரிகிறவர்.

இரண்டு கல்

ஒரு மழைக்காலத்தில் விழுந்தார். பவளமல்லிக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல் பாசி பிடித்துக் கிடந்தன. வழுக்கி, முழங்கை கிழிந்து, தையல் போட்டார்கள். "நடக்கிறத நிறுத்தக் கூடாது. நிறுத்தினா கால் போயிடும். ஆனா இனி விழவும் கூடாது" என்றார் டாக்டர்.

மகன் முத்து சார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்தான்.

"எம்மா, அந்தக் காட்ட மொத்தமா களைஞ்சுட்டு இன்டர்லாக் கல்லு போட்டுருவோம். சந்துல எல்லா வீட்டுலயும் போட்டாச்சுல்லா."

"கல்லு மேல நடக்கவால உங்கப்பன் மூட்ட சொமந்து உன்னப் படிக்க வச்சாரு?"

"பின்ன என்ன செய்யப் போற?"

"நான் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

ஒன்றும் பார்த்து வைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. "பூக்காட்சி வரட்டும். பாத்து, நல்ல டிசைனா நானே செய்யிறேன். காசு மட்டும் நீ அனுப்பு" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சொன்னார்: "ஏளா, இதுக்கு எதுக்குப் பூக்காட்சி? அந்த வழுக்குற கல்லு ரெண்டையும் எடுத்துப் போடு. போதும்."

இரண்டு கல். ஒரு கையால் தூக்கிச் சுவருக்கு வெளியே போட்டிருக்கலாம்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். வேறு ஒருத்தி கேட்டிருந்தால் அவளை நான் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

தட்டு மாதிரி இருக்கணும்

அப்படித்தான் அந்தச் சதுரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

எனக்கு அதில் எல்லாம் இருந்தது. கல் இல்லை. வேர் தடுக்காது. விழுந்தாலும் மெத்தை மாதிரி தாங்கும். நடுவில் அவர் வெள்ளை வேட்டியோடு நடக்கிறதை நினைத்துப் பார்த்தேன். கொச்சம்மா இன்னும் உயிரோடு இருந்து வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்றும் நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், முதலில் அவரைத்தான் நினைத்தேன். ஆனால் ரொம்ப நேரம் நினைத்தது கொச்சம்மாவை.

பச்சைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை வந்தான்.

"அம்மே, இஷ்டப்பட்டோ? இது வெட்டண்டா, நனைக்கண்டா. களையும் வராது. மழையானாலும் வெயிலானாலும் இதே பச்சை தன்னே."

வெட்ட வேண்டாத புல் எனக்குத் தெரியும். நிழலில் வளர்கிற ஒரு குட்டைப் புல்லைச் சில பெரிய வீடுகளில் பார்த்திருக்கிறேன். இது அதில் புதுசாக வந்த ஜாதி, பெங்களூர்ப் பக்கத்துச் சரக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் இவளுக்குத் தெரியாது என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடுவானே. குனிந்து தொட்டிருக்கலாம். கை பின்னால் இருந்தது.

"எனக்கு இதெல்லாம் தெரியும் மோனே. முப்பது வருஷம் இந்தக் காட்சிக்குச் செடி வச்சவ நான்" என்றேன்.

"ஓ, அப்போ அம்மைக்கு நான் ஒண்ணும் பறைய வேண்டாமல்லோ" என்று அவனும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து அளவெடுத்தான். "இந்தச் செடியெல்லாம் நிக்கட்டுமா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் நிக்க வேண்டாம். அங்க பாத்த மாதிரியே தட்டு போல இருக்கணும். ஒரு வேரு அவரு கால்ல தட்டக் கூடாது."

அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். அவன் கேட்டான். நான் சொன்னேன்.

வேலை நடக்கிற தூசி வேண்டாம் என்று ஒரு வாரம் மகள் வீட்டுக்கு நாகர்கோவிலுக்குப் போனோம். பஸ்ஸில் அவர் கேட்டார், "என்ன போடுறாங்கன்னு சொன்ன?"

"புல்லு."

"புல்லா? நல்லதுதான். காலைல பனி நிக்கும்."

பிறகு மகள் வீட்டில் இருந்த ஏழு நாளும் பேத்தியிடம் அந்தப் பனியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவை விட்டு இறங்கி

திரும்பி வந்தபோது உச்சி வெயில். ஆட்டோவிலிருந்து நான் முதலில் இறங்கிக் கேட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அதேதான். வெள்ளைக் கல், மஞ்சள் தொட்டி, பெஞ்சு, ஒரு சுருக்கம் இல்லாத பச்சை. என் ஏழு புள்ளிக்குள் வைத்தது அப்படியே தரையில் வந்திருந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்துக்குக்கூட வந்ததில்லை.

"செருப்பக் கழத்திட்டு வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் காலை எடுத்து வைத்தார். வைத்த வேகத்தில் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"ஏளா, இது யாரு வீடு?"

"நம்ம வீடுதான்."

"வெளையாடாத. ஆட்டோக்காரன் சந்து மாறி எறக்கிட்டான். கூப்பிடு அவன."

"நம்ம வீடுதாங்க. வாங்க."

மூக்கைத் தூக்கி இரண்டு பக்கமும் திரும்பினார். தொழுவத்தை மாற்றிக் கட்டின மாடு அப்படித்தான் நிற்கும். "கறிவேப்பில எங்க?" என்று கேட்டார். பிறகு, "பவளமல்லி எங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் குனிந்து தொட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. விரலில் பட்டது பல் துலக்குகிற பிரஷ்ஷின் நார். ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பாய் மாதிரி எழுந்து வந்தது. அடியில் கறுப்பு ரப்பர். அதற்கும் அடியில் பொடிக்கல்லும் சிமென்டும்.

அந்தப் பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"அம்மே, வெட்டண்டா, நனைக்கண்டான்னு நான் பறஞ்சதல்லே? ஒறிஜினல் புல்லுன்னு நான் பறஞ்சில்லல்லோ. அம்ம அங்க தொட்டு நோக்கியில்லே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினேன். ஓரம் ஒழுங்கா ஒட்டலன்னு சொல்லக் கூப்பிட்டேன்" என்றேன். மறுநாள் ஆட்கள் வந்து ஓரத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

எல்லாருக்கும் பிடித்தது

முத்து வீடியோவில் பார்த்துவிட்டு, "எம்மா, சூப்பரா இருக்கு. நீ சொன்னா சொன்னதுதான்" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

பக்கத்து வீட்டு ஓமனா ஓடி வந்தாள். "பேச்சியம்மே, எந்தொரு பங்கி! சினிமாவுல காணுற வீடு போல உண்டு" என்றாள். பங்கி என்றால் இங்கே அழகு. சாயங்காலம் மகளைக் கூட்டி வந்து பெஞ்சில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தாள். சந்தில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தாலும் எங்கள் முற்றத்தில்தான் படம். "எங்க வாங்கினது?" என்று கேட்பார்கள். நான் சொல்லுவேன். இப்போது இன்னும் இரண்டு வீட்டில் போட்டாயிற்று.

அவர் மட்டும் என்னை வையவில்லை. வைதிருந்தால் தேவலை.

காலையில் சுடாது என்பதால் காலையில் இறங்கினார். ஆறு எட்டு வைத்தார். உரசுவதற்கு ஒன்றும் வரவில்லை. ஏழு, எட்டு. சுவரில் நெற்றி இடித்தது. எல்லா இடமும் காலுக்கு ஒரே மாதிரி இருந்தால் எங்கே திரும்புவது? பனியும் அதில் நிற்கவில்லை. நின்ற ஈரம் வேறு மாதிரி, எச்சில் மாதிரி இருக்கிறது என்றார்.

படிக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு போய்வரலாம் என்று. இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் பாதியில் நின்று, "ஏளா, இத்தன வருஷம் கழிச்சு என்னக் கட்டிப் போட்டுட்டியே. வைக்கோல் எப்ப போடுவ?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஓமனா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "எந்தா, ரெண்டுபேரும் புது மாப்பிள்ளையும் பெண்ணும் போல?" என்று கேட்டாள். அதுக்கும் சிரித்தோம்.

அடுத்த நாள் அவர் இறங்கவில்லை. முழங்கால் வலிக்கிறது என்றார். அதற்கு அடுத்த நாளும் அதையே சொன்னார். பிறகு நானும் கேட்கிறதை விட்டுவிட்டேன்.

"அந்த எழவப் பிச்சி எறிஞ்சுட்டு மறுபடியும் செடி வச்சா என்ன?" என்று மகள் கேட்கிறாள். வைக்கலாம். சிமென்டைக் கொத்த வேண்டும், மண் அடிக்க வேண்டும். முத்துவிடம் சொல்ல வேண்டும். அதுகூடச் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு பவளமல்லி ஆள் உயரம் வந்து பூ உதிர்க்க எத்தனை மழை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. செடி விஷயத்தில் நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தொட்டியில் கற்பூரவல்லி வாங்கிப் படியில் வைத்துப் பார்த்தேன். கை நீட்டித் தடவினார். "இது எங்கிருந்தோ வந்ததுளா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்குள் பூ

இப்போது அவர் கால் இரண்டும் வீங்கி இருக்கிறது. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. "நடந்தே ஆகணும். இப்படியே படுத்திருந்தா இனி எழுந்திருக்க முடியாம போயிடும்" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்கிறார். நான் அவரைத் தூக்கி நிறுத்தினால் நிற்கிறார். கையை விட்டதும் உட்கார்ந்துவிடுகிறார். எங்கே போகிறதுக்கு நடக்க?

போன வாரம் மாத்திரை வாங்கக் கிழக்கேகோட்டைக்குப் போனேன். திரும்பும்போது பழவங்காடி முக்கில் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல மொக்கு. இரண்டு முழம் வாங்கினேன்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் தலைமாட்டில் சட்டை மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டேன். மணம் முகத்தில் பட்டால் எங்கேயிருந்து வருகிறது என்று தேடுவார், தேடினால் காலைக் கீழே வைப்பார் என்று ஒரு நினைப்பு. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அடுப்பில் கஞ்சி வைத்திருந்தது ஞாபகம் இருந்தும் எழுந்து போகவில்லை.

மொக்கு விரிய விரிய அறை முழுக்க நிறைந்தது. அவர் மூக்கு அசைந்தது. முழித்தார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கை கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது. ஒரு கால் போர்வைக்கு வெளியே வந்தது. நான் தாங்கிக்கொள்ள எழுந்துவிட்டேன்.

"ஏளா" என்றார் மெதுவாக. "யாரு போயிட்டா?"

"யாரும் போகலங்க."

"பின்ன வீட்டுக்குள்ள எதுக்கு இவ்வளவு பூ?"

"நான்தான் உங்களுக்குன்னு வாங்கிட்டு வந்தேன்."

வெளியே வந்த கால் அப்படியே நின்றது.

"முன்னாடியே வாங்கி வச்சுட்டியாக்கும்" என்றார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஆணியிலிருந்து பூவைக் கழற்றினேன். எங்கேயாவது போட்டுவிடலாம் என்று முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். போட்டால் மட்கிப் போகிறதுக்குத் தரையில் ஒரு பிடி மண் எங்கேயும் இல்லை.